"பொழைக்குமா டாக்டர்?": 'வயபிள்' என்ற சொல்லின் 200 வருஷக் கதை

1/
குறைமாசத்துல ஒரு குழந்தை பிறந்தா வீட்டுக்காரங்க கேட்கிற முதல் கேள்வி ஒன்றுதான்: "பொழைக்குமா டாக்டர்?"

அதே கேள்விக்கு எங்கள் மருத்துவப் புத்தகத்தில் ஒரு சொல் இருக்கிறது: 'வயபிள்'. அதாவது பிழைக்கத்தக்கது.

இந்தச் சொல் எங்கே பிறந்தது, யாருடைய தேவைக்காகப் பிறந்தது, அதன் அர்த்தம் எப்படி நகர்ந்துகொண்டே இருக்கிறது? இதுதான் இன்றைய த்ரெட். கொஞ்சம் நீளம். பொறுமையா வாசிங்க.

2/
முதலில் வேர்ச்சொல்.

பிரெஞ்சில் 'வீ' என்றால் உயிர், வாழ்க்கை. லத்தீனில் 'வீட்டா'. நம்ம வைட்டமின் மாத்திரை பெயரில் இருப்பதும் இதே 'வீட்டா'தான். அதிலிருந்து பிரெஞ்சில் வந்த சொல் 'வியாபிள்', வாழ முடிந்தது.

1820களில் ஆங்கிலம் இதை வாங்கிக்கொண்டது. அப்போது இது பச்சிளம் குழந்தைகளைப் பற்றிய சொல். "இந்த பிசினஸ் வயபிளா?" என்று கேட்பதெல்லாம் ரொம்பப் பின்னாடி வந்தது.

3/
ஆச்சரியமான விஷயம், இந்தச் சொல்லுக்குப் பெரிய அதிகாரம் கொடுத்தது டாக்டர்கள் இல்லை. சொத்துச் சட்டம்!

1804ல் நெப்போலியன் காலத்தில் பிரான்சின் சிவில் சட்டத் தொகுப்பு வந்தது. அதன் 725ஆவது பிரிவு, யாருக்கெல்லாம் வாரிசுரிமை கிடையாது என்று பட்டியல் போடுகிறது. அதில் ஒன்று, 'வியாபிள்' ஆகப் பிறக்காத குழந்தை.

உயிரோடு பிறந்தால் மட்டும் போதாது. தொடர்ந்து வாழும் தகுதியோடு பிறந்திருக்கணும்.

4/
இது ஏன் முக்கியம்? ஒரு உதாரணம் பாருங்க.

கணவன் இறக்கிறான். மனைவி கர்ப்பிணி. குழந்தை பிறந்து ஒரு மணி நேரம் மூச்சு விட்டு இறந்துபோகிறது. அந்தக் குழந்தை 'வியாபிள்' என்றால், அப்பா சொத்து முதலில் குழந்தைக்கு வரும். குழந்தை வழியாக அம்மாவுக்கும் ஒரு பங்கு போகும். 'வியாபிள்' இல்லை என்றால் சொத்து நேராக அப்பாவின் உறவினர்களுக்கு.

ஒரு மணி நேரம் வாழ்ந்த உயிருக்கு ஒரு சொல். அந்தச் சொல்லில் ஒரு விதவையின் மிச்ச வாழ்க்கை.

5/
அதே சட்டத்தின் 314ஆவது பிரிவு இன்னொரு விஷயம் சொல்லுது. கல்யாணமாகி 180 நாளுக்குள் பிறந்த குழந்தையை "என்னுது இல்லை" என்று கணவன் மறுக்கலாம். ஆனால் குழந்தை 'வியாபிள்' இல்லை என்று தெரிந்தால் மறுக்க முடியாது. ஏன்னா, அது குறைமாசத்தில் பிறந்ததாக இருக்கலாம் இல்லையா?

இதெல்லாம் தூரத்துக் கதை இல்லைங்க. நம்ம புதுச்சேரியில் 1881 ஆணைப்படி தங்கள் மரபுச் சட்டத்தை விட்டுக்கொடுத்து பிரெஞ்சு சட்டத்தின் கீழ் வந்த 'ரெனோன்சான்' குடும்பங்களின் குடும்ப, வாரிசு விஷயங்களுக்கு அடிப்படை இந்த சிவில் சட்டம்தான்.

6/
ஆக, நீதிபதி டாக்டரைக் கூப்பிட்டுக் கேட்பார்: "இது பிழைக்கக்கூடிய குழந்தையா?"

டாக்டர் எடை பார்ப்பார், நீளம் பார்ப்பார், தோல், நகம் பார்ப்பார். குழந்தையின் உடம்பை மட்டும் பார்த்தால் பதில் கிடைத்துவிடும் என்பது நம்பிக்கை.

இந்த நம்பிக்கை சரிதானா? இந்த த்ரெட்டின் முக்கியமான கேள்வி இதுதான். மனசில் வச்சுக்கோங்க.

7/
சட்டத்துக்கெல்லாம் ரொம்ப முன்னாடியே மக்களிடம் ஒரு கணக்கு இருந்தது. "ஏழாம் மாசம் பிறந்தா பொழைக்கும், எட்டாம் மாசம் பிறந்தா பொழைக்காது." உங்க பாட்டியும் சொல்லியிருப்பாங்க.

இது நம்ம ஊர்ப் பாட்டிகள் சொன்னது மட்டும் இல்லை. கிரேக்கத்தில் ஹிப்போகிரேட்டிஸ் பெயரில் வழங்கும் தொகுப்பில் எட்டு மாதக் குழந்தையைப் பற்றியே தனி நூல் இருக்கிறது. சுமார் 2400 வருஷப் பழசு. ஏழு மாசக் குழந்தை பிழைக்கலாம், எட்டு மாசக் குழந்தை பிழைக்காது என்றே அதுவும் சொல்கிறது.

8/
உண்மை என்ன? வயிற்றில் இருக்கிற ஒவ்வொரு வாரமும் லாபம்தான். எட்டாம் மாசக் குழந்தைக்கு ஏழாம் மாசக் குழந்தையைவிட வாய்ப்பு நிச்சயமாக அதிகம். இதில் சந்தேகமே வேண்டாம்.

ஆனால் அரிஸ்டாட்டில் பெயரில் உள்ள 'விலங்குகளின் வரலாறு' நூலில் ஒரு குறிப்பு இருக்கு பாருங்க. எகிப்தில் எட்டு மாசக் குழந்தைகள் பிழைத்து வளர்கின்றன, கிரேக்கத்தில்தான் பெரும்பாலும் இறந்துவிடுகின்றன என்கிறது அது.

அதே எட்டு மாசம், வேற ஊர், வேற முடிவு. அந்தக் காலத்திலேயே யாரோ இதைக் கவனித்திருக்கிறார்கள்!

9/
இப்போ 1880. பாரிஸ்.

ஸ்டெஃபான் டார்னியே என்ற மகப்பேறு மருத்துவர் அங்கே உள்ள விலங்குப் பூங்காவுக்குப் போகிறார். கோழிக்குஞ்சு பொரிக்கும் பெட்டியைப் பார்க்கிறார். "குஞ்சுக்கு ஆகும்னா குழந்தைக்கு ஆகாதா?" என்று தோன்றுகிறது. அதே பூங்காவைச் சேர்ந்தவரைக் கொண்டே ஒரு பெட்டி செய்யச் சொல்கிறார். அடியில் வெந்நீர், மேலே குழந்தைகள்.

2 கிலோவுக்குக் கீழே பிறந்த குழந்தைகளின் இறப்பு அவருடைய மருத்துவமனையில் 66 சதவீதத்தில் இருந்து 38 சதவீதமாகக் குறைந்தது.

10/
இதில் எந்த மருந்தும் கிடையாது. வெறும் கதகதப்பு!

குறைமாசக் குழந்தைக்குத் தோலடிக் கொழுப்பு கிடையாது. உடம்பு சூடு சட்டென்று இறங்கிவிடும். அதுதான் பாதிப் பேரைக் கொன்றுகொண்டிருந்தது.

பெட்டி வருவதற்கு முந்தின வருஷம் அதே எடையில் பிறந்த குழந்தைகளை என்னவென்று எழுதியிருப்பார்கள்? "பிழைக்கத்தக்கதல்ல." குழந்தை மாறவில்லை. அறை சூடாக இருந்தது, அவ்வளவுதான்.

11/
அமெரிக்காவில் இந்தப் பெட்டிகளை மருத்துவமனைகள் சீக்கிரம் ஏற்கவில்லை. அங்கே மார்ட்டின் கூனி என்பவர் என்ன செய்தார் தெரியுமா? நியூயார்க் கோனி ஐலண்ட் பொழுதுபோக்குப் பூங்காவில், ராட்டினங்களுக்கு நடுவில், இன்குபேட்டர் குழந்தைகளைக் காட்சிக்கு வைத்தார். டிக்கெட் 25 சென்ட். 1903 முதல் 1943 வரை.

பெற்றோரிடம் ஒரு பைசா வாங்கவில்லை. டிக்கெட் காசில் நர்ஸ்கள், தாய்ப்பால், சுத்தம் எல்லாம் நடந்தது. சுமார் 6500 குழந்தைகள் பிழைத்ததாக அவர் கணக்கு. அவர் மருத்துவப் பட்டம் பெற்றதற்கு ஆதாரம் கிடைக்கவில்லை என்பது தனிக்கதை.

மருத்துவமனை கைவிட்ட குழந்தை பொருட்காட்சியில் 'வயபிள்' ஆனது.

12/
சட்டமும் நகர்ந்தது. 1929ல் இங்கிலாந்து ஒரு சட்டம் போட்டது. 28 வாரம் ஆகிவிட்டால் அந்தக் குழந்தை உயிரோடு பிறக்கக்கூடியது என்று எடுத்துக்கொள்ளலாம் என்றது.

28 வாரம், அதாவது ஏழு மாசம். பழைய கிரேக்கக் கணக்குக்குப் பக்கத்திலேயே வந்து நின்றது பாத்தீங்களா? பல பத்தாண்டுகளுக்கு டாக்டர்கள் மனசில் இதுதான் கோடு.

13/
1963 ஆகஸ்ட் 7. அமெரிக்க அதிபர் கென்னடிக்கு ஒரு மகன் பிறக்கிறான், பேட்ரிக். ஐந்தரை வாரம் முன்னதாக. எடை சுமார் 2.1 கிலோ. பிறந்ததுமே மூச்சுத் திணறல். பாஸ்டனில் இருந்த மிகச் சிறந்த மருத்துவர்கள், உயர் அழுத்த ஆக்சிஜன் அறை, எல்லாம் செய்தும் 39 மணி நேரத்தில் இறந்துபோனான்.

இன்று நம்ம ஊர் மாவட்டத் தலைநகரில், 34 வாரத்தில் 2 கிலோ எடையோடு பிறக்கும் குழந்தை அநேகமாகப் பிழைத்து வீட்டுக்குப் போய்விடும். உலகின் மிகப் பலம்வாய்ந்த அப்பாவால் அன்று அது முடியவில்லை.

14/
பேட்ரிக்குக்கு என்ன பிரச்சினை?

ஈரமான பிளாஸ்டிக் பையைப் பிரிச்சுப் பாருங்க. இரண்டு பக்கமும் ஒட்டிக்கொள்ளும், திறக்கவே கஷ்டமா இருக்கும். நுரையீரலின் குட்டிக் காற்றறைகளும் அப்படித்தான் ஒட்டிக்கொள்ளப் பார்க்கும். ஒட்டாமல் வைத்திருப்பது சோப்பு மாதிரியான ஒரு வழவழப்புப் பொருள், சர்ஃபாக்டன்ட். குறைமாசக் குழந்தையிடம் இது போதுமான அளவு இருக்காது.

மேரி எலன் ஏவரியும் ஜெரி மீடும் இதை 1959லேயே கண்டுபிடித்துவிட்டார்கள். காரணம் தெரிந்தது. மருந்துதான் இன்னும் வரவில்லை.

15/
அடுத்து நியூசிலாந்து. மாண்ட் லிகின்ஸ் என்ற மருத்துவர் ஆடுகளில் பிரசவ வலி எப்படித் தொடங்குகிறது என்று ஆராய்கிறார். ஸ்டீராய்டு கொடுத்த ஒரு ஆட்டுக்குட்டி ரொம்பக் குறைமாசத்தில் பிறக்கிறது. கணக்குப்படி செத்திருக்கணும். ஆனால் மூச்சு விட்டுக்கொண்டிருக்கிறது! ஸ்டீராய்டு அதன் நுரையீரலை முன்கூட்டியே பழுக்க வைத்திருந்தது.

1972ல் லிகின்ஸும் ராஸ் ஹவியும் 282 தாய்மாரிடம் செய்த ஆய்வை வெளியிட்டார்கள். பிரசவத்துக்கு முன் அம்மாவுக்குப் போடும் மலிவான ஊசி குழந்தையைக் காப்பாற்றுகிறது என்று தெரிந்தது.

16/
உடனே உலகம் முழுக்கப் போட ஆரம்பிச்சிருப்பாங்கன்னு நினைக்கிறீங்களா?

இல்லை. அமெரிக்க தேசிய சுகாதார நிறுவனம் "தாராளமாகப் போடுங்கள்" என்று தெளிவாகச் சொன்னது 1994ல். 22 வருஷம்!

மருத்துவ ஆய்வுகளைத் தொகுக்கும் காக்ரேன் அமைப்பின் சின்னத்தில் சில படுக்கைக் கோடுகள் இருக்கும். அவை இந்த ஸ்டீராய்டு ஆய்வுகளின் முடிவுகள்தான். கையில் பதில் இருந்தும் கொடுக்காமல் விட்டதன் ஞாபகச் சின்னம் அது.

17/
மற்றவை வேகமாகச் சொல்றேன்.

1971: ஜார்ஜ் கிரெகரி, குழந்தையின் காற்றறைகள் மூடாமல் இருக்கத் தொடர் காற்றழுத்தம் கொடுக்கும் 'சிபேப்' முறையை வெளியிடுகிறார்.

1980: ஜப்பானில் ஃபுஜிவாரா, மாட்டு நுரையீரலில் இருந்து எடுத்த சர்ஃபாக்டன்டை 10 குழந்தைகளுக்குக் கொடுத்துப் பலன் காட்டுகிறார்.

1990: இங்கிலாந்து தன் சட்டத்தில் கருக்கலைப்புக்கான எல்லையை 28 வாரத்தில் இருந்து 24க்குக் கொண்டுவருகிறது. அடுத்த வருஷமே ஜப்பான் தன் எல்லையை 24ல் இருந்து 22க்கு இறக்குகிறது.

18/
இங்கே கொஞ்சம் நின்னு யோசிங்க.

28, 24, 22. இந்த எண்கள் மாறிய காலத்தில் கருவில் இருக்கும் குழந்தையின் நுரையீரல் வேகமாக வளரக் கற்றுக்கொண்டதா? இல்லை. 1804லும் இன்றும் 24 வாரக் குழந்தை ஒரே மாதிரிதான்.

மாறியது வெளியே இருக்கும் உலகம். கதகதப்பு, ஊசி, குழாய், அதைக் கையாளத் தெரிந்த நர்ஸ்.

அப்போ 'வயபிள்' என்பது குழந்தையின் குணமா, குழந்தை பிறந்த இடத்தின் குணமா?

19/
இந்தக் குழப்பம் நீதிமன்றங்களையும் விடவில்லை. 1973ல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் ரோ எதிர் வேட் வழக்கில், கருக்கலைப்பை அரசு எப்போது தடுக்கலாம் என்பதற்கு இந்த 'வயபிலிட்டி'யைத்தான் கோடாக வைத்தது. பொதுவாக 28 வாரம், 24லேயும் இருக்கலாம் என்றது. 1983லேயே நீதிபதி சாண்ட்ரா டே ஓ'கானர், மருத்துவம் முன்னேற முன்னேற இந்தக் கோடு நகரும், தீர்ப்பு தன்னோடு தானே மோதிக்கொள்ளும் என்று எச்சரித்தார். 2022ல் அந்தத் தீர்ப்பே ரத்தானது.

20/
நம்ம நாட்டில் 1971 கருக்கலைப்புச் சட்டம் 20 வாரம் என்றது. 2021 திருத்தம் குறிப்பிட்ட சில பெண்களுக்கு 24 வாரம் வரை அனுமதித்தது.

2023 அக்டோபரில் 26 வாரம் தாண்டிய ஒரு கர்ப்பம் உச்ச நீதிமன்றம் வரை போனது. முதலில் அனுமதி கிடைத்தது. பிறகு, குழந்தை பிழைக்கும் வாய்ப்பு இருக்கிறது என்று மருத்துவர் தெரிவித்ததும் வழக்கு திரும்பியது. கடைசியில் அனுமதி மறுக்கப்பட்டது.

யார் பக்கம் நியாயம் என்று பேச நான் வரவில்லை. ஒரு சொல்லின் மீது எவ்வளவு பாரம் ஏறியிருக்கிறது என்பதை மட்டும் பாருங்க.

21/
இப்போ மிக முக்கியமான ஆய்வு. 2015ல் வெளியானது. அமெரிக்காவின் 24 மருத்துவமனைகள், 27 வாரத்துக்கு முன் பிறந்த 4987 குழந்தைகள்.

22 வாரத்தில் பிறந்தவர்களில் மொத்தம் 5.1 சதவீதம் பிழைத்தார்கள். தீவிர சிகிச்சை கொடுக்கப்பட்டவர்களை மட்டும் தனியாக எடுத்தால் 23.1 சதவீதம்!

சில மருத்துவமனைகள் 22 வாரக் குழந்தைகள் எல்லாருக்கும் சிகிச்சை முயன்றன. சில, அநேகமாக யாருக்கும் முயலவில்லை. ஓரளவு தெம்பான குழந்தைகளுக்கே சிகிச்சை கொடுத்திருக்கலாம் என்பதையும் கணக்கில் எடுக்கணும். அப்படியும் வித்தியாசம் பெரிசு.

22/
இதில் ஒரு கண்ணி இருக்கு. "இந்த வாரத்தில் பிழைக்காது" என்று டாக்டர் நம்புகிறார். அதனால் சிகிச்சை கொடுக்கவில்லை. குழந்தை இறக்கிறது. புள்ளிவிவரத்தில் ஏறுகிறது. அடுத்த டாக்டர் அதைப் பார்த்து, "பாத்தீங்களா, பிழைக்காது" என்கிறார்.

விவசாயிகளைக் கேளுங்க. விதைக்கும் 'வயபிள்' உண்டு, முளைப்புத்திறன்னு சொல்வோம். நெல் விதைன்னா குறைந்தது 80 சதவீதம் முளைக்கணும் என்பது சான்றளிப்பு விதி. எப்படிச் சோதிப்பாங்க? ஈரமும் சூடும் சரியாகக் கொடுத்து, காத்திருந்து எண்ணுவாங்க. தண்ணியே காட்டாமல் "முளைக்கலை" என்று யாரும் எழுத மாட்டாங்க.

23/
அதுக்காக எல்லையே இல்லை என்று அர்த்தம் இல்லை. 22 வாரத்துக்குக் கீழே நுரையீரலில் காற்றும் ரத்தமும் சந்திக்கும் இடமே சரியாக உருவாகியிருக்காது. 2020ல் அமெரிக்காவின் அலபாமாவில் 21 வாரம் 1 நாளில், 420 கிராமில் பிறந்த குழந்தை பிழைத்தது. அது அபூர்வம்.

பிழைப்பவர்களிலும் சிலருக்கு மூளை, கண், நுரையீரல் பாதிப்பு தங்கிவிடும். எல்லையோரக் குழந்தைக்கு எவ்வளவு தூரம் போராடுவது என்பதைப் பெற்றோரோடு உட்கார்ந்து, உண்மையைச் சொல்லி, சேர்ந்து முடிவெடுக்கணும்.

24/
"இதெல்லாம் பணக்கார நாட்டு விஷயம் டாக்டர்" என்கிறீர்களா? கொலம்பியாவின் பொகோட்டாவுக்கு வாங்க. 1978. அரசு மகப்பேறு மருத்துவமனை. இன்குபேட்டர் பற்றாக்குறை. ஒரே பெட்டியில் இரண்டு மூன்று குழந்தைகள், தொற்று, மரணம்.

எட்கர் ரே என்ற மருத்துவர் குழந்தையை எடுத்து அம்மாவின் மார்போடு, தோலோடு தோலாகக் கட்டிவிட்டார். கங்காரு முறை. அம்மாவின் உடம்பே இன்குபேட்டர், பக்கத்திலேயே தாய்ப்பால்.

25/
இது இல்லாதவர்களின் மாற்று ஏற்பாடு என்றுதான் பலர் நினைத்தார்கள். 2021ல் இந்தியா, கானா, மலாவி, நைஜீரியா, தான்சானியா என ஐந்து நாட்டு மருத்துவமனைகளில் 1 கிலோ முதல் 1.8 கிலோவுக்குள் பிறந்த 3211 குழந்தைகளிடம் நடந்த ஆய்வு வெளியானது.

நிலை சீரான பிறகு கங்காரு முறை தொடங்கியவர்களில் 28 நாளுக்குள் இறப்பு 15.7 சதவீதம். பிறந்தவுடனே தொடங்கியவர்களில் 12 சதவீதம். பலன் தெளிவாகத் தெரிந்ததால் ஆய்வையே முன்கூட்டி நிறுத்தினார்கள்.

140 வருஷம் சுற்றி, டார்னியேயின் அதே பாடம்: கதகதப்பு.

26/
கடைசியா நம்ம சொல்லுக்கு வருவோம். பிழை என்றால் தவறு. பிழைத்தான் என்றால் உயிரோடு இருக்கிறான். ஒரே சொல் எப்படி? குறி பிழைத்தது என்றால் குறி தவறியது. சாவு வைத்த குறி தவறினால் ஆள் பிழைத்தான். 'தப்பு'ம் இப்படித்தானே! தப்பு என்றால் தவறு, தப்பித்தான் என்றால் உயிரோடு வந்தான்.

பிரெஞ்சுச் சொல், குழந்தையிடம் திறமை இருக்கிறதா என்று கேட்டது. தமிழ்ச் சொல்லில் அந்தக் கேள்வி இல்லை. குறி தவறியதா இல்லையா, அவ்வளவுதான். குறியைத் தவற வைக்கும் வேலை சுற்றி இருக்கிறவர்களுடையது.

27/
அந்த வேலையில் நீங்கள் செய்யக்கூடியவை:

* ஏழு எட்டு மாசத்தில் வலியோ நீர்க்கசிவோ வந்தால் காத்திருக்காதீங்க. பிறந்த பின் குழந்தையைத் தூக்கிக்கொண்டு ஓடுவதைவிட, வயிற்றில் இருக்கும்போதே பச்சிளங்குழந்தை தீவிர சிகிச்சைப் பிரிவு உள்ள மருத்துவமனைக்கு அம்மாவைக் கொண்டுபோவது நல்லது. அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் இந்தப் பிரிவு இருக்கு.
* "நுரையீரல் ஊசி போட்டாச்சா?" என்று தயங்காமல் கேளுங்க.
* பிறந்த பிறகு இடம் மாற்ற வேண்டி வந்தால் 108ல் பச்சிளங்குழந்தைகளுக்கென்று தனி ஆம்புலன்ஸ் இருக்கு.
* கங்காரு முறைக்கு அம்மாவுக்கு முடியவில்லை என்றால் அப்பாவோ பாட்டியோ செய்யலாம்.
* "எட்டாம் மாசக் குழந்தை, எதுக்கு வீண் செலவு" என்று யாராவது சொன்னால் இந்த த்ரெட்டைக் காட்டுங்க.

28/
நம்ம ஊரில் வேலை தேடிப் போவதைப் 'பொழைக்கப் போறது' என்போம். பிழைப்பு இடத்தைப் பொறுத்தது என்று நம்ம பேச்சுக்கு ஏற்கெனவே தெரியும். குறைமாசக் குழந்தை தானாக நடந்து நல்ல இடத்துக்குப் போக முடியாது. அது பிறக்கிற இடத்தை நாம்தான் பிழைக்கத்தக்க இடமாக வைக்கணும்.

வீட்டில் கர்ப்பிணி இருப்பவர்களுக்கு இதை அனுப்புங்க. கேள்வி இருந்தா கீழே கேளுங்க, நேரம் கிடைக்கும்போது பதில் சொல்றேன்.